தமிழும் மலையாளமும் சேர்ந்து வரும் தளத்துக்கு எந்த ரீசெட் ஸ்டைல்ஷீட்?

கேள்வியின் சுருக்கம்: பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய் மண்டிக்குத் தளம் செய்கிறீர்கள். தமிழில் ஒரு பக்கம், மலையாளத்தில் அதே பக்கம். கம்ப்யூட்டரில் க்ரோம் ஒரு மாதிரியும் ஐபோனில் சஃபாரி வேறு மாதிரியும் காட்டியதால், பிரவுசர் தானாகப் போடும் ஸ்டைல்களைத் துடைக்கும் ‘மேயர் ரீசெட்’ என்ற கோப்பை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்போது பட்டியலில் புள்ளிகள் இல்லை. விலை அட்டவணையின் தலைவரி தடிமனை இழந்துவிட்டது. இரண்டு வரியாக மடங்கும் தலைப்பில் எழுத்தோடு எழுத்து முட்டுகிறது. பட்டன் மட்டும் பழையபடி சின்ன எழுத்திலேயே நிற்கிறது. ரீசெட் தேவையா, தேவை என்றால் எது?

தேவைதான். அந்தக் கோப்பு வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கில் முதல் மூன்றும் அந்தக் கோப்பு செய்த வேலை. நான்காவது, அது தொடாமல் விட்ட வேலை. இருபது, இருபத்தைந்து வரியில் உங்களுடையதாக ஒரு ரீசெட் எழுதிக்கொள்வது நல்லது. ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தெரிந்திருந்தால் எது உடைந்தாலும் இடம் தெரியும்.

பிரவுசர் தானாகப் போடுவது

நீங்கள் ஒரு வரி ஸ்டைலும் எழுதாவிட்டாலும் பிரவுசர் தன் சொந்த ஸ்டைல்ஷீட்டைப் பக்கத்தின்மேல் போடும். பாடிக்குச் சுற்றிலும் 8 பிக்சல் மார்ஜின். எச்1-க்கு 2 எம் எழுத்தளவு, மேலும் கீழும் 0.67 எம் மார்ஜின் (எம் என்பது எழுத்தளவை வைத்துக் கணக்கிடும் அலகு). பத்திக்கு மேலும் கீழும் 1 எம். யுஎல், ஓஎல் பட்டியலுக்கு இடப்பக்கம் 40 பிக்சல் பேடிங். பிளாக்கோட், ஃபிகர் இரண்டுக்கும் பக்கவாட்டில் 40 பிக்சல் மார்ஜின். டேபிளின் கட்டங்களுக்கு நடுவே 2 பிக்சல் இடைவெளி.

இவை இப்போது எச்டிஎம்எல் தரநிலையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. க்ரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 ஓடிக்கொண்டிருந்த நாளில் நிலைமை வேறு. எரிக் மேயர் 2007-ல் தன் ரீசெட்டை வெளியிட்டது அந்த நாளின் தொல்லைக்கு. எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டுத் தரையிலிருந்து கட்டுவது அவர் வழி. 2011 ஜனவரியில் அதன் 2.0 வந்தது, இன்றும் பலர் ஒட்டுவது அதையேதான். நிக்கோலஸ் கல்லகரும் ஜோனதன் நீலும் செய்த நார்மலைஸ் வேறு வழி: பயனுள்ள இயல்புகளை விட்டுவைத்து, பிரவுசருக்குப் பிரவுசர் மாறுவதை மட்டும் சமன் செய்வது. அதன் 8.0.1 பதிப்பு 2018-ல் வந்தது. அதில் உள்ள பாதி வரிகள் இன்று யாரும் பயன்படுத்தாத பிரவுசர்களுக்கானவை.

ஆக, இன்றைக்கு ரீசெட்டின் வேலை பிரவுசர் சண்டையைத் தீர்ப்பது என்பதைவிட, உங்களுக்கு வேண்டாத இயல்புகளை எடுத்துவிட்டு வேண்டியதை ஒரே இடத்தில் வைப்பதுதான். பிரவுசர்கள் இன்னும் உண்மையாகவே வேறுபடுவது ஃபார்ம் உறுப்புகளிலும் எழுத்துருவிலும்.

உங்கள் நான்கு கோளாறுகள்

புள்ளி போனதற்குக் காரணம், அந்தக் கோப்பு யுஎல், ஓஎல் இரண்டுக்கும் லிஸ்ட்-ஸ்டைலை ‘நன்’, அதாவது ‘ஒன்றுமில்லை’, ஆக்குகிறது. மெனுவுக்கு அது சரி. “கொப்பரை, மட்டை உரித்த காய், இளநீர்” என்று வாடிக்கையாளர் படிக்கும் பட்டியலுக்குச் சரியில்லை. இதில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதிப்பும் உண்டு: லிஸ்ட்-ஸ்டைல் நன் ஆனால், சஃபாரியில் வாய்ஸ்ஓவர் (திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி) கொண்டு கேட்பவருக்கு அது பட்டியல் என்றே சொல்லப்படாமல் போகலாம். புள்ளியை எடுத்தே ஆக வேண்டிய இடத்தில், அந்த யுஎல்-க்கு ரோல் ஆட்ரிபியூட்டில் ‘லிஸ்ட்’ என்று எழுதுங்கள். ரீசெட்டிலும் அந்த ஆட்ரிபியூட் உள்ள பட்டியலுக்கு மட்டும் புள்ளியை நீக்குங்கள். ஒரே விதியில் இரண்டு வேலையும் முடியும்.

தலைவரி தடிமன் இழந்தது ‘ஃபான்ட்: இன்ஹெரிட்’ என்ற வரியால். வெளியே இருக்கும் உறுப்பின் எழுத்தையே எடுத்துக்கொள் என்பது அதன் பொருள். அது டிஎச் (அட்டவணையின் தலைக்கட்டம்) மட்டுமல்ல, ஸ்ட்ராங், எம் டேக்குகள், எச்1 முதல் எச்6 வரை எல்லாவற்றையும் சாதாரண எழுத்தாக்கிவிடும். டெக்ஸ்ட்-அலைனை மட்டும் அந்தக் கோப்பு தொடுவதில்லை. அதனால் டிஎச் தடிமன் இழந்தும் நடுவிலேயே நிற்கும், சாதாரணக் கட்டமான டிடி இடப்பக்கம் நிற்கும். அட்டவணை கோணலாகத் தெரிவது அதனால்தான்.

பட்டனுக்கு வருவோம். மேயர் ரீசெட்டின் நீண்ட பட்டியலில் பட்டன், இன்புட், செலக்ட், டெக்ஸ்ட்ஏரியா நான்கும் கிடையாது. பிரவுசர் இவற்றுக்குப் பக்கத்தின் எழுத்தைக் கொடுக்காது. தனியாக ஒரு எழுத்துருவும், கம்ப்யூட்டரில் சுமார் 13.33 பிக்சல் அளவும் கொடுக்கும். ஆங்கிலத் தளத்தில் இது சின்ன உறுத்தல், அவ்வளவே. தமிழில் அப்படியல்ல. விண்டோஸ் க்ரோமில் பட்டனின் இயல்பு எழுத்துரு ஏரியல். அதில் தமிழ் இல்லை, மலையாளமும் இல்லை. எனவே நிர்மலா யூஐ வந்து உட்காரும். நீங்கள் வெப்ஃபான்ட் ஏற்றியிருந்தாலும் “விலை கேட்க” என்ற பட்டன் மட்டும் வேறு முகத்தோடு நிற்கும். ஐபோனில் இன்னொன்று: ஐஓஎஸ் 15 முதல் பட்டன் எழுத்து தானாக நீலமாகும். எனவே இந்த நான்குக்கும் ‘ஃபான்ட்: இன்ஹெரிட்’, ‘கலர்: இன்ஹெரிட்’ இரண்டையும் எழுதுங்கள். மேயர் தொட்ட இடத்தில் வேண்டாத அதே வரி, தொடாத இடத்தில் கட்டாயம் வேண்டும். இன்புட்டின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் கீழே போனால், கைபேசி எண்ணை எழுதத் தொட்டதும் ஐபோன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும். பக்கத்தின் அளவு 16-க்குக் குறையாமல் இருந்தால் இன்ஹெரிட் அதையும் சேர்த்துத் தீர்க்கும்.

வரி உயரம்: நம் எழுத்துகளுக்குத் தனிக்கணக்கு

தலைப்பில் எழுத்து முட்டுவதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ரீசெட் பெரும்பாலும் லத்தீன் எழுத்தை மனதில் வைத்து எழுதியது. மேயர் பாடிக்கு வரி உயரம் 1 வைக்கிறார். பிற்கால ரீசெட்டுகள் பத்திக்கு 1.5 வைத்துவிட்டு, தலைப்புக்கும் பட்டனுக்கும் 1.1 என்று இறக்குகின்றன. ஆங்கிலத் தலைப்புக்கு அது இறுக்கமாக அழகாக இருக்கும். தமிழில் மேல்வரியில் கு, மு, சூ இருந்து கீழ்வரியில் கீ, டீ, மீ வந்தால், உகரத்தின் வாலும் ஈகாரத்தின் கொக்கியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். மலையாளத்தில் பழைய லிபி எழுத்துருவாக இருந்தால் கூட்டக்ஷரம் (கூட்டெழுத்து) கீழே அடுக்காக இறங்கும். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் வட்டாரத்தில் தெலுங்கில் ஒரு பக்கமும் சேர்ப்பவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். வத்து (மெய்யோடு சேரும் இரண்டாவது மெய்யின் வடிவம்) முழுதாக, எழுத்துகள் நிற்கும் கோட்டுக்குக் கீழேயே உட்காரும்.

தொடங்க வேண்டிய அளவுகள்: பத்திக்கு 1.7, தலைப்புக்கு 1.35 முதல் 1.4 வரை, பட்டனுக்கு 1.4. தெலுங்குக்கு ஒவ்வொன்றிலும் 0.1 கூட்டிப் பாருங்கள். எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும் என்பதால் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எண்ணை அலகு இல்லாமல் எழுதுங்கள். 170 சதவீதம் என்று எழுதினால் பாடியின் 16 பிக்சலுக்குக் கணக்கிட்ட 27.2 பிக்சலே எல்லா உறுப்புக்கும் இறங்கும். 32 பிக்சல் எச்1-இன் வரிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். வெறும் 1.7 என்றால் ஒவ்வொரு உறுப்பும் தன் எழுத்தளவுக்குத் தானே பெருக்கிக்கொள்ளும்.

கார்டு, பட்டன் போன்றவற்றில் உயரத்தைப் பிக்சலில் கட்டி ஓவர்ஃப்ளோவை ஹிடன் ஆக்குவது இன்னொரு வழக்கமான தவறு. மேலே இருக்கும் கொக்கியோ கீழே இருக்கும் வாலோ வெட்டுப்படும். “பு” “ப” ஆகிவிடும். ஹைட்டுக்குப் பதில் மின்-ஹைட், மேலும் கீழும் பேடிங்.

சாய்வெழுத்தும் இப்படித்தான். எம், ஐ, சைட், அட்ரஸ் டேக்குகளைப் பிரவுசர் சாய்வாக்கும். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் தனிச் சாய்வு வடிவம் கிடையாது. பிரவுசர் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, பார்க்கச் சகிக்காது. ஃபான்ட்-ஸ்டைலை நார்மல் ஆக்கி, எம் டேக்குக்கு 600 தடிமன் கொடுத்துவிடலாம். தடிமனுக்கும் எச்சரிக்கை: வெப்ஃபான்ட்டில் 400 மட்டும் ஏற்றிவிட்டு ஸ்ட்ராங் எழுதினால் பிரவுசர் போலித் தடிமன் போடும், ண, ஞ போன்றவற்றின் வளையங்கள் அடைத்துக்கொள்ளும். 700-ஐயும் சேர்த்து ஏற்றுங்கள்.

லிங்க்கின் அடிக்கோடும் உகர வாலை வெட்டும். டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட் 0.2 எம் போதும். அடிக்கோட்டையே எடுத்துவிடாதீர்கள், நிறம் மட்டும் பார்த்து லிங்க் என்று எல்லோரும் கண்டுபிடிப்பதில்லை.

கோப்பில் வர வேண்டியவை

முதல் விதி: எல்லா உறுப்பையும் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும், அதன் பிஃபோர், ஆஃப்டர் இரண்டுக்கும் பாக்ஸ்-சைஸிங் ‘பார்டர்-பாக்ஸ்’. இது இல்லாமல் 100 சதவீத அகலமும் 16 பிக்சல் பேடிங்கும் கொடுத்த இன்புட், திரையைவிட 32 பிக்சல் அகலமாகி, பார்டர் இருந்தால் அதுவும் சேர்ந்து, பக்கம் பக்கவாட்டில் ஆடும்.

இரண்டாவது மார்ஜின். நட்சத்திரத்துக்கு மார்ஜின் 0 என்று எழுதுவது எளிது. பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். டயலாக் உறுப்பு அதனால் திரையின் நடுவிலிருந்து இடது மூலைக்கு ஓடிவிடும், ஏனென்றால் பிரவுசர் அதை நடுவில் நிறுத்துவதே மார்ஜின் ஆட்டோவால்தான். பாடி, தலைப்புகள், பத்தி, பிளாக்கோட், ஃபிகர், டிஎல், டிடி என்று பெயர் சொல்லி எழுதுவது என் பரிந்துரை. (இந்த டிடி வரையறைப் பட்டியலில் வருவது, அட்டவணைக் கட்டம் அல்ல.) பேடிங்கை எல்லாவற்றுக்கும் பூஜ்யமாக்கத் தேவையே இல்லை. செலக்ட்டும் பட்டனும் நசுங்கிப்போவதுதான் மிச்சம்.

அடுத்து எச்டிஎம்எல் உறுப்புக்கு டெக்ஸ்ட்-சைஸ்-அட்ஜஸ்ட் 100 சதவீதம், வெப்கிட் முன்னொட்டோடும் சேர்த்து. ஐபோனைப் படுக்கவைத்தால் எழுத்து தானாகப் பெருப்பது நிற்கும்.

படம், வீடியோ, எஸ்விஜிக்கு டிஸ்பிளே பிளாக், மேக்ஸ்-விட்த் 100 சதவீதம். படத்துக்கும் வீடியோவுக்கும் ஹைட் ஆட்டோ. படத்தின் கீழே காரணமில்லாமல் ஒரு வெள்ளைக் கீற்று தெரியுமே, அது படம் எழுத்தைப் போல, எழுத்துகள் நிற்கும் கோட்டின்மேல் உட்காருவதால் வருவது; வரி உயரத்தை 1.7 ஆக்கியதும் கீற்று இன்னும் கொழுக்கும். பிளாக் ஆக்கினால் போய்விடும். எச்டிஎம்எல்லில் விட்த், ஹைட் எண்களை எழுதத் தவறாதீர்கள். பிரவுசர் அந்த விகிதத்தை வைத்துத்தான் படம் வருமுன் இடம் பிடித்துவைக்கும்.

டேபிளுக்குப் பார்டர்-கொலாப்ஸ் ‘கொலாப்ஸ்’ என்று எல்லா ரீசெட்டும் சொல்லும். விலை அட்டவணை நீளமாகி, தலைவரியை ஸ்டிக்கி (உருட்டினாலும் மேலேயே நிற்பது) ஆக்கப் போகிறீர்கள் என்றால் அதைச் செய்யாதீர்கள். உருட்டும்போது தலைவரியின் கோடுகள் கூட வராது. ‘செப்பரேட்’ வைத்து பார்டர்-ஸ்பேசிங்கை 0 ஆக்குங்கள், கோட்டைக் கீழ்ப்பக்கம் மட்டும் போடுங்கள். விலை வரும் நெடுவரிசைக்கு டேபுலர் எண்கள் கேட்கும் ஃபான்ட்-வேரியன்ட்-நியூமரிக் வரியையும் சேர்த்தால், எழுத்துரு இடம்கொடுத்தால், 1-உம் 8-உம் ஒரே அகலத்தில் நேராக நிற்கும்.

பத்திக்கும் தலைப்புக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் ‘பிரேக்-வேர்ட்’. இது நம் மொழிகளுக்கு அவசியம். “தேங்காய்ப்பருப்புக்கொள்முதல்” என்று சேர்த்தெழுதிய சொல் 360 பிக்சல் கைபேசியில் பெரிய எழுத்தில் அடங்காது. மலையாளத்தில் இதைவிட நீளமாகவே சேர்ப்பார்கள். கிரிட், ஃப்ளெக்ஸ் உள்ளே இருந்தால் ‘எனிவேர்’ என்ற மதிப்புதான் வேலை செய்யும். அல்லது அந்தப் பெட்டிக்கு மின்-விட்த் 0 கொடுக்க வேண்டும். ஃபீல்ட்செட்டுக்கும் மின்-விட்த் 0 வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருப்பதன் அளவுக்குக் கீழே அது சுருங்க மறுக்கும்.

ஹிடன் ஆட்ரிபியூட் உள்ளதற்கு டிஸ்பிளே நன், இம்பார்ட்டன்ட் போட்டு. படத்தை பிளாக் ஆக்கிய உங்கள் வரியே ஹிடனைத் தோற்கடித்துவிடும் என்பதால் இந்த ஓரிடத்தில் இம்பார்ட்டன்ட் நியாயம்.

அவுட்லைன் 0 எங்கேயும் எழுதாதீர்கள். மேயரின் பழைய பதிப்பில் அது இருந்தது, 2.0-ல் அவரே எடுத்துவிட்டார். கீபோர்டில் டேப் தட்டி வருபவருக்கு இருக்கும் ஒரே அடையாளம் அந்த வளையம்தான்.

‘ஆல்: அன்செட்’ என்று நட்சத்திரத்துக்கு ஒரே வரி எழுதலாமே என்று சிலர் கேட்பார்கள். எழுதிப் பாருங்கள், டைட்டில், ஸ்டைல், ஸ்கிரிப்ட் உள்ளே இருப்பதெல்லாம் பக்கத்தில் எழுத்தாகக் கொட்டும், ஏனென்றால் அவற்றை மறைத்து வைத்திருப்பதும் பிரவுசரின் டிஸ்பிளே நன் தான்.

எங்கே வைப்பது

பிரவுசரின் ஸ்டைலை நீங்கள் எழுதும் எந்த வரியும் வெல்லும். ஸ்பெசிஃபிசிட்டி (செலக்டரின் வலு) அங்கே கணக்கில் வராது. உங்கள் கோப்புகளுக்குள்தான் வரிசை முக்கியம். ரீசெட் முதலில், மற்றவை பின்னால். பிளகின் ஒன்று தன் ஸ்டைலை முன்னால் ஏற்றினால் உங்கள் ரீசெட் அதன் மார்ஜினைத் துடைத்துவிடக்கூடும்.

2022 தொடக்கத்தில் மூன்று பிரவுசர்களிலும் வந்த கேஸ்கேட் லேயர், அதாவது ஸ்டைல்களை அடுக்குகளாகப் பிரித்து எது வெல்லும் என்று சொல்லும் வசதி, இதற்கு நல்ல வழி. ரீசெட்டை மட்டும் ஒரு லேயருக்குள் போட்டுவிட்டு, மற்றதை லேயர் இல்லாமல் விடுங்கள். லேயர் இல்லாதது லேயரில் உள்ளதை எப்போதும் வெல்லும், கோப்பு எந்த வரிசையில் வந்தாலும். தலைகீழாகச் செய்தால், அதாவது உங்கள் டிசைனை லேயருக்குள் வைத்து ரீசெட்டை வெளியே விட்டால், எந்த மார்ஜின் எழுதினாலும் பூஜ்யமாகவே இருக்கும். காரணம் தெரியாமல் இம்பார்ட்டன்ட் அடுக்கத் தொடங்குவது இங்கேதான். இம்பார்ட்டன்ட் வந்தால் லேயரின் வெற்றி வரிசையும் திரும்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். லேயரை அறியாத பழைய பிரவுசர் அந்தத் தொகுதியை முழுசாகவே தள்ளிவிடும். ஐஓஎஸ் 12-லேயே நின்றுபோன ஐபோன் 6 போன்றவை வாடிக்கையாளர் கையில் இருக்கும் என்றால் லேயர் வேண்டாம். கோப்பு வரிசையே போதும்.

மண்டிக்காரர் தானே செய்தி எழுதும் பகுதிக்கு ஒரு கிளாஸ் கொடுத்து, அதற்குள் மட்டும் பட்டியல், பிளாக்கோட், பத்தி ஆகியவற்றின் மார்ஜின், பேடிங், லிஸ்ட்-ஸ்டைல் மூன்றுக்கும் ‘ரிவர்ட்’ எழுதுங்கள். பிரவுசரின் இயல்பு அங்கே திரும்ப வரும். ‘இனிஷியல்’ எழுதினால் வராது: அது சிஎஸ்எஸ்ஸின் தொடக்க மதிப்பு, பேடிங்குக்கு அது 0.

ரீசெட்டால் தீராதது

எழுத்துரு. சான்ஸ்-செரிஃப் என்று விட்டால் விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என் என்று ஒவ்வொன்றும் தன்னுடையதைக் காட்டும். அகலமும் உயரமும் மாறும், வரி வேறிடத்தில் மடங்கும். எல்லா இடத்திலும் ஒரே தோற்றம் வேண்டும் என்றால் தமிழுக்கும் மலையாளத்துக்கும் வெப்ஃபான்ட் ஏற்றத்தான் வேண்டும். ஒரே குடும்பப் பெயரில் இரண்டையும் அறிவித்து யூனிகோட்-ரேஞ்ச் கொடுத்தால், மலையாளம் இல்லாத பக்கத்தில் மலையாளக் கோப்பு இறங்காது. ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரிந்தால் சைஸ்-அட்ஜஸ்ட் கொண்டு 95, 105 சதவீதம் என்று சமன் செய்யலாம். பக்கத்தின் லாங் ஆட்ரிபியூட் தமிழுக்கு டிஏ, மலையாளத்துக்கு எம்எல், தெலுங்குக்கு டிஇ. வரி உயர வேறுபாட்டை லாங் செலக்டர் வைத்து அந்தந்த மொழிக்கு எழுதிக்கொள்ளலாம்.

சோதிக்க ஒரு தனிப் பக்கம் வையுங்கள். எச்1 முதல் எச்6, இரண்டு வகைப் பட்டியல், ஒன்றுக்குள் ஒன்றாகப் பட்டியல், அட்டவணை, எல்லா ஃபார்ம் உறுப்பும், டயலாக், படம், ஒவ்வொரு மொழியிலும் இரண்டு வரிக்கு மடங்கும் தலைப்பு. எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, க்ரோமில் இன்ஸ்பெக்ட் திறந்து ஸ்டைல்ஸ் பகுதியில் ‘யூசர் ஏஜென்ட் ஸ்டைல்ஷீட்’ என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். அது பிரவுசருடையது, குறுக்குக்கோடு விழுந்திருந்தால் உங்கள் வரி அதை வென்றுவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் அட்டவணைக்குள் மட்டும் எழுத்தின் அளவு பக்கத்தோடு ஒட்டாமல் இருந்தால் ஸ்டைல்ஷீட்டை விட்டுவிட்டுக் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். டாக்டைப் இல்லாவிட்டாலோ, அதற்கு முன்னால் பிஎச்பி ஏதாவது வார்னிங் எழுத்தைத் துப்பியிருந்தாலோ பிரவுசர், பழைய தளங்களுக்காக வைத்திருக்கும் குவர்க்ஸ் முறைக்குப் போய்விடும். அங்கே டேபிள் உறுப்பு பாடியின் எழுத்தளவை வாங்கிக்கொள்ளாது. கன்சோலில் டாக்குமென்ட்டின் காம்பாட்மோட் மதிப்பைக் கேளுங்கள். ‘பேக்காம்பாட்’ என்று வந்தால் அதுதான் காரணம்.